பாதி ரொட்டி

எகிப்தின் நத்ரூன் பள்ளத்தாக்கு மடத்தில் வாரம் முழுக்க அவரவர் அறையில் தனித்தனியாகத்தான் சாப்பாடு. ஞாயிறு பூசை முடிந்த பிறகு மட்டும் நீண்ட கல்மேசையில் எல்லாத் துறவிகளும் சேர்ந்து உட்காருவார்கள். அப்போதும் பேச்சு கிடையாது. ஒருவர் நின்றுகொண்டு பழைய துறவிகளின் கதைகளை வாசிப்பார். வாசிப்பு முடிந்ததும் பந்தி விசாரிப்பவர் மேசையைத் தட்டுவார். எல்லோரும் எழுந்துவிட வேண்டும். ரொட்டி மிச்சமிருப்பவர் மட்டும் இருந்து முடிக்கலாம். வாசித்தவர் அதன் பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

வாசிப்பவர் ஹர்மினா. நல்ல குரல் இருந்தது, அதனால் வந்த வினை. அவரை யாரும் மாற்றவேயில்லை. ஆனால் அவர் சாப்பிடும்போது எதிரில் கிழவர் சரபாமூன் பாதி ரொட்டியோடு உட்கார்ந்திருப்பார். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. இருவரும் பேசாமல் மென்று முடித்து ஒன்றாக எழுவார்கள்.

பந்தி விசாரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்த வீஸாவுக்கு இது பொறுக்கவில்லை. மேசை துடைக்கத் தாமதமானால் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

"அபூனா, வாசிச்சவர் தின்னுதான் ஆகணும். உங்களுக்காகவும் துணியப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்றார் கிழவரிடம். துறவிகள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள், அப்பா என்று. "அடுத்த ஞாயிறுல இருந்து, நான் தட்டும்போது ரொட்டி மிச்சமிருந்தா சாப்பாட்ட உங்க அறைக்கே அனுப்பிடுறேன். உங்களுக்கும் சௌகரியம்."

"என்ன சௌகரியம்? ஆறு நாளும் சுவரப் பாத்துத்தான திங்குறேன். ஞாத்துக்கிழமையும் அதே சுவரா?"

"பந்தின்னா ஒரு ஒழுங்கு வேணும் அபூனா."

ஹர்மினா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிழவரை அறையில் தள்ளிவிட்டால் அவர் வாடிப்போவார். வாசிப்பு முடியாமல் வீஸாவால் தட்ட முடியாதே என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிறு வாசிப்பு நத்தையாக ஊர்ந்தது. கதையில் ஒரு துறவி தண்ணீர் எடுக்கப் புறப்பட்டார். கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்தியில் பாதிப் பேருக்குத் தட்டு காலியாகிவிட்டது. போதாக்குறைக்கு ஹர்மினா அதே பக்கத்தை மறுபடியும் வாசித்தார். வீஸாவின் கை மேசைக்கு மேலே உயர்வதும் இறங்குவதுமாக இருந்தது. கிழவரின் தட்டில் ஒரு துணுக்குகூட இல்லை என்று கண்ட பிறகுதான் ஹர்மினா புத்தகத்தை மூடினார்.

மேசை தட்டப்பட்டது. எல்லோரும் எழுந்தார்கள். சரபாமூனும் எழுந்து, ஏறெடுத்தும் பாராமல் போய்விட்டார்.

ஜெயித்த மகிழ்ச்சியோடு உட்கார்ந்தார் ஹர்மினா. பருப்புச்சாறு ஆறிப்போயிருந்தது. எதிரில் ஆளில்லாத இருக்கை. அவ்வளவு பெரிய கூடத்தில் தான் மெல்லும் சத்தம் தனக்கே கேட்டது. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

வாசலில் கிழவர் திரும்பி வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஏண்டா, உனக்கு இன்னிக்கி என்ன வந்துச்சு?"

"உங்களுக்காகத்தான் அபூனா. நீங்க தின்னு முடிக்கணும்னுதான் இழுத்தேன்."

"முடிக்கணும்னு யாருடா கேட்டா? சாறுல நனைச்சா ஒரு ரொட்டி எனக்கு நாலு வாய். பாதிய வேணும்னுதான் மிச்சம் வைப்பேன். மிச்சமில்லாதவன் உக்காரக் கூடாதே! எங்களுக்கெல்லாம் வாசிச்சுட்டு நீ ஒத்தையில திங்குறதப் பாக்க மனசு வரல. இன்னிக்கி நீ வாசிச்ச லட்சணத்துல எவ்வளவு நேரம் கையக் கட்டிக்கிட்டு இருக்குறது? கை தானாப் போயித் தின்னு தீத்துருச்சு."

"மிச்சம் வச்சா அறைக்கு அனுப்பிடுவாரே அபூனா!"

"அதுக்குப் பயந்து உன்னத் தனியா விட்டுருவேனா?"

ஹர்மினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூலையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த வீஸா திரும்பவேயில்லை. அவர் கையிலிருந்த கிண்ணம் மட்டும் வெகுநேரம் அடுக்கில் ஏறவில்லை.

மறு ஞாயிறு ஹர்மினா வழக்கம்போல வாசித்தார். வீஸா தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். சரபாமூன் பாதி ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்வாயோ செய் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். வீஸா அவரிடம் வந்தபோது ஹர்மினா உட்காராமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீஸா தன் தட்டைக் கிழவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தட்டில் பாதி ரொட்டி இருந்தது.

"நானும் இன்னும் முடிக்கல" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நான் வாசிச்ச காலத்துல எனக்கு எதிர யாரும் உக்காந்ததில்ல."

கிழவர் ஆலிவ் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.