திரும்பிப் பார்க்காத நாய்களின் சங்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் சிங்கப்பூர் ராஜபாளையம் நாய் வளர்ப்போர் சங்கம் தொடங்கியபோது நாய்கள் இரண்டு, நிர்வாகிகள் பதினொருவர். தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், அப்புறம் எதற்கென்று அவர்களுக்கே தெரியாத ஒரு செயற்குழு. சிராங்கூன் சாலையில் நாலு தமிழர்கள் சேர்ந்து நின்றால் ஒரு சங்கம் முளைத்துவிடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். முளைத்தது முளைத்தது, நாயின் பேரிலா முளைக்க வேண்டும்?

என் கணவர் அழகப்பன்தான் செயலாளர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. கப்பலில் வரும் நாயைக் கரை சேர்க்க அவரைவிடத் தோதான ஆள் இல்லை என்பதால் அந்தப் பதவி. தலைவர் மருதப்பன் லாரிகள் வைத்திருந்தார். மேடை ஏறினால் மானம், வீரம் என்ற இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு பந்திச் சோறு ஆறிப்போகும்வரை பேசுவார். புலியை எதிர்த்த நாய், வெள்ளைக்காரனை விரட்டிய நாய் என்று அவர் வர்ணித்த நாயைச் சங்கம் தொடங்கும்வரை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

முதல் ஜோடி வந்து இறங்கிய அன்று நானும் வரவேற்புக்குப் போயிருந்தேன். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. அழகு என்றால் அழகு, அதில் குறை சொல்ல மாட்டேன். மாலை போட்டு அழைத்து வருகிறார்கள், பின்னால் கிரேனிலிருந்து ஒரு கட்டு இரும்புக் கம்பி நழுவித் தரையில் விழுந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் பதறி ஓடினார்கள். பொருளாளர் என் மேல் வந்து விழுந்தார். நாய்கள் இரண்டும் காதைக்கூட ஆட்டவில்லை.

மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாய்யா! மனுசனே துள்ளிக் குதிக்கிறான், இதுங்க திரும்பிக்கூடப் பாக்கலை. இதுதான்யா வீரம்!"

அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டு வாசலில் சரவெடி முழுசாக வெடித்துத் தீர்ந்தது. ஆண் நாய் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது. அவ்வளவுதான். 'பின்புறம் பேரொலி எழினும் திரும்பிப் பாராமை இவ்வினத்தின் தலையாய இலக்கணம்' என்று சங்க விதியில் ஏறிவிட்டது. வருடா வருடம் பேரர் பார்க் திடலில் ஒரு வயதுக் குட்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். சிறப்பு விருந்தினர் பின்னால் நின்று பித்தளைத் தட்டைக் கரண்டியால் அடிப்பார். திரும்பாத குட்டிக்குப் பதக்கம். திரும்பிய குட்டி கோழை ரத்தம். கோழை ரத்தம் நாட்டில் பரவக்கூடாது என்பதால் அதற்கு மிருக டாக்டரிடம் கடைசி ஊசி.

நான் முதலாம் வகுப்பு ஆசிரியை. காது கேட்காத பிள்ளையைப் பள்ளி திறந்த வாரத்திலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். நாய் என்ன, பிள்ளை என்ன? அந்த ஜோடி ஒரே வயிற்றில் பிறந்தவை. அதுகளுக்குப் பிறந்ததை அதுகளோடே சேர்த்தார்கள், குலம் கலந்துவிடக்கூடாதாம். கப்பலேறும்போதே சாதியைக் கடலில் வீசிவிட்டோம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், நாய்க்கு ஏழு தலைமுறை விசாரித்தார்கள். காது கேட்ட குட்டியெல்லாம் ஊசியோடு போக, மிஞ்சியதெல்லாம் வெள்ளை வெளேரென்று பிறந்த செவிட்டு நாய்கள்.

இதை வீட்டில் சொன்னேன். "வீரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார் என் கணவர். ஒரு கரப்பான் பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவர்.

சங்கத்துக்குப் போஷகராக இருந்த மளிகை வியாபாரி அப்துல் மஜீது, நன்கொடை தருவாரே தவிர நாய்ப்பக்கம் வரமாட்டார். அவரே ஒருமுறை, "தலைவரே, உங்க நாய் நடுரோட்டுல நின்னுச்சு. எவ்வளவு ஹார்ன் அடிச்சும் நகரலையே, காது மந்தமோ?" என்று கேட்டார். "ஹார்னுக்குப் பயந்து ஒதுங்க அது என்ன பூனையா, பாய்?" என்றார் மருதப்பன். கூட்டம் கைதட்டியது.

அறுபத்தைந்தில் மலேசியாவை விட்டு நாடு தனியானது. ஒரு மாதம் ஆவதற்குள் இவர்களும் கூடி, பெயரில் 'தேசிய' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் தண்ணீர் எங்கிருந்து வரும், வேலை எங்கிருந்து வரும் என்று சனங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். இவர்களுக்கு, 'தேசிய' என்பது 'சிங்கப்பூர்' என்பதற்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று கவலை. அதற்காக இரண்டு பேர் ராஜினாமாவும் செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் மல்லி வளர்ந்துகொண்டிருந்தாள். ரேஸ் கோர்ஸ் சாலை வீட்டில் நாங்கள் வளர்த்த சங்கத்துப் பெட்டை ஈன்ற குட்டி. மூக்கு நுனியில் மிளகு அளவுக்குக் கருப்பு. அதற்கே செயற்குழுவில் முகம் சுளித்தார்கள். என் கவலை வேறு. மல்லிக்குக் காது கேட்டது. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கினால் கூடத்திலிருந்து எழுந்து வருவாள். என் கணவர் தெருமுனையில் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றாலே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். "என் குரல் எப்படித் தெரியுது பாரேன்!" என்று அவருக்குப் பெருமை தாங்காது. பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அவர் அவளோடு பேசிய அளவுக்கு என்னோடு பேசியதில்லை.

"இந்த வருசம் சோதனைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. வயிறு சரியில்லைன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"செக்ரட்டரி வீட்டு நாயே வரலைன்னா எப்படி லா? அவ திரும்பமாட்டா, நீ பாரு."

நம்பித்தான் கூட்டிக்கொண்டு போனாரா, நம்புவதுபோல் நடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திடலில் தட்டுச் சத்தம் எழுந்ததும் மல்லி திரும்பினாள். திரும்பியதோடு நிற்கவில்லை. தட்டு என்றால் சோறு என்று நினைத்து, வாலை ஆட்டிக்கொண்டு சிறப்பு விருந்தினரிடமே போய் அவர் கையை நக்கினாள்.

"செயலாளர் வீட்டிலேயே கோழையா?" என்றார் மருதப்பன்.

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே போய் நின்றேன். "மல்லிக்குக் காது கேக்குதுங்க. உங்க நாய்ங்களுக்குக் கேக்கலை. வேணும்னா பாருங்க" என்று, பதக்கம் வாங்கி நின்ற அவருடைய நாய் சிங்கத்தின் பின்னால் போய், அதன் பெயரை நாலைந்து தடவை உரக்கக் கூப்பிட்டேன். அது எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா!" என்று மருதப்பன் கையை உயர்த்தினார். "பொம்பளை கூப்பிட்டாக்கூடத் திரும்பலை. மானமுள்ள நாய்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. செவிடன் காதில் சங்கு ஊதுவது என்பார்கள். நான் ஊதியது நாயின் காதில் அல்ல. என் கணவரைப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சங்க விருந்து. அதில் அவரைத் துணைத்தலைவர் ஆக்குவதாகப் பேச்சு. அதற்குள் மல்லியின் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். நான் என்னோடு வேலை பார்த்த அன்னம்மாவிடம் பேசினேன். அவளுக்கு வடக்கே நீ சூன் கிராமத்தில் வேலி போட்ட வீடு, கோழிகள், தோட்டம். சனிக்கிழமை காலையில் தன் அண்ணன் வேனில் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். என் கணவரும் தலையாட்டினார். "சரி, ஊசி போட்டாச்சுன்னு சங்கத்துல சொல்லிக்கிறேன்" என்றார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவர் மேல் எனக்கு ஆசை வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தேன். படியில் மல்லி இல்லை. அவர் வேலைக்குப் போகாமல் கூடத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"மல்லி எங்க?"

"முடிஞ்சிருச்சு. நோவே இருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு."

"நாளைக்கு வேன் வருதுன்னு சொன்னேனே!"

"நீ சூன்ல யாராச்சும் பாத்துட்டா? கோழை நாயைச் செக்ரட்டரியே ஒளிச்சு வெச்சான்னு பேரு வந்துடாதா? எத்தனை வருசம் உழைச்சிருக்கேன், சந்திரா."

நான் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன். அவரை அடிக்கக் கை எழுந்தது. அப்போது அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"உள்ள விட்டுட்டு நான் வெளிய வந்துட்டேன். நிக்க முடியலை. வாசல்ல நின்னு இருமினேன். இருமல்தான், வேற ஒண்ணும் பேசலை. கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து குரைச்சுச்சு. நான்னு தெரிஞ்சுக்கிட்டுக் குரைச்சுச்சு."

விம்மி விம்மி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அவருக்காக இல்லை. ஆனாலும் இந்த மனிதன் இனி அந்தச் சங்கத்து வாசலை மிதிக்கமாட்டான் என்று அன்று இரவு நான் நம்பினேன். அந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் குளித்துவிட்டு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ரோஜா மாலை போட்டால் ஈரம் பட்டுச் சாயம் இறங்கும், கறை தெரியாமல் இருக்க எந்தச் சட்டை சரியாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார்.