ஸுலேமாவின் அம்மாவுக்கு ஒரு போன்

எட்டாம் வகுப்பு மாநிலத் தேர்வில் ஸுலேமா கணக்கில் கோட்டை விட்டாள். அப்படிக் கோட்டை விட்டவர்களுக்கு ஜூன் மாதம் முழுக்கக் கோடை வகுப்பு, முடிவில் மறுதேர்வு. லரேடோ நகரத்து வெயிலில் அந்த வகுப்பை எடுக்க வேறு ஆள் அகப்படாமல், ஊரின் மறுகோடிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அவள் அம்மா ஒராலியாவின் தலையிலேயே அது வந்து விழுந்தது.

"அங்க நீ யாரோ, நான் யாரோ. சரியா?" என்றாள் ஸுலேமா.

"எனக்கு மட்டும் ஆசையாக்கும்! கணக்கு டீச்சர் பொண்ணு கணக்குல ஃபெயில்னு ஊரே சிரிக்கவா?"

மகள் பஸ்ஸில் போனாள். அம்மா அதே பஸ்ஸின் பின்னால் காரில் போனாள். முதல் வாரம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இந்த மிஸ்ஸுக்குப் பிள்ளைங்க இருந்தா பாவம்டி," என்றான் பக்கத்து இருக்கை நாச்சோ.

"ரொம்பப் பாவம்," என்றாள் ஸுலேமா.

அடுத்த வாரம் சமன்பாடுகள். மூன்று தரம் விளக்கிவிட்டு ஒராலியா மகளைப் பார்த்தாள்.

"புரியல மிஸ். நீங்க சொல்றப்ப தூக்கம்தான் வருது."

வாசலோடு போன தலைமையாசிரியர் ட்ரெவின்யோ நின்றுவிட்டார். கோடைக்கென்று வந்த புது ஆள். "என்ன பேச்சு இது? உங்க அம்மாகிட்டயே கேட்கிறேன்."

"அவங்க வேலையில இருப்பாங்க சார்…" என்று இழுத்தாள் ஒராலியா.

அதற்குள் அவர் நின்ற இடத்திலிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டு எண்ணை வாங்கி அழுத்திவிட்டார். மேசைமேல் இருந்த ஒராலியாவின் கைப்பை அலறத் தொடங்கியது.

ஒராலியா பையின் பக்கமே திரும்பவில்லை. ஸுலேமாதான் எழுந்து வந்து, பைக்குள் கைவிட்டு போனை எடுத்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அச்சு அசல் அம்மாவின் குரலில் பேசினாள்.

"ஹலோ, ஸுலேமா அம்மா பேசறேன். அவளா? பிடிவாதக்காரி சார். புரியலன்னு ஒத்துக்க வெட்கம், அதான் வாய் நீளுது. ஆனா அந்த மிஸ்ஸையும் கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லுங்க. வீட்லயும் இதே அவசரம்தான்."

ட்ரெவின்யோ போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "சரிங்கம்மா," என்றார்.

"அடிப்பாவி! மிஸ்ஸா உங்கம்மா?" நாச்சோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

ஒராலியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை அழித்தாள், முதல் வரியிலிருந்து நிதானமாகத் தொடங்கினாள். அன்றுதான் தனக்கும் சமன்பாடு புரிந்ததென்று நாச்சோ பிறகு சொன்னான்.

மறுதேர்வில் ஸுலேமா மயிரிழையில் தேறினாள். முடிவு வந்த அன்று ஒராலியா வகுப்புக்கே சாறு ஊற்றிய துருவல் ஐஸ் வாங்கித் தரப் போனாள். ஐஸ் வண்டியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஸுலேமா கத்தினாள்: "அம்மா, எனக்குப் புளி ஊத்தினது!"