கொழுப்பு ஜாஸ்தி

1

இந்தக் கதை ஒரே சொல்லின் இரண்டு அர்த்தங்களிலிருந்து பிறந்தது. கொழுப்பு என்றால் கறியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது, திமிரும் அதுதான். அந்தச் சொல்லை நம்பி எழுத உட்கார்ந்தது என் முதல் தவறு.

1932. ஆம்பூரில் தோல் மணக்கும் ஒரு காலையில்...

(விட்டுவிட்டேன். தோல் மணக்காது, நாறும்.)

2

கவுஸ் பாஷா தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழியோரம் நின்று தோல் புரட்டுகிறவன். காக்காய் வலிப்பு. விழும்போதெல்லாம் மூக்கில் செருப்பைக் காட்டினார்கள். (நாளெல்லாம் தோலையே முகர்கிறவனுக்கு! அதில் வலிப்பு தீருமென்றால் ஆம்பூரில் ஒருவருக்கும் வலிப்பு வரக்கூடாது.)

மேஸ்திரி முனிரத்தினம் சொல்லிவிட்டார்: “நாப்பது நாளு விழாம இருந்துட்டு வாப்பா. குழில விழுந்தா தோலோட தோலா போய்டுவ.”

வேலூர் டாக்டர் ஒருவர் புது வைத்தியம் சொன்னார். சோறும் சர்க்கரையும் கூடாது. நெய், கறிக்கொழுப்பு, முட்டை.

[விளக்காமல் என்னால் மேலே போக முடியாது. பட்டினி கிடந்தால் சிலருக்கு வலிப்பு அடங்கும். எத்தனை நாள் கிடப்பது? சோறும் சர்க்கரையும் நின்றால் ஈரல் கொழுப்பை உடைத்து, மூளைக்கு வேறொரு எரிபொருள் அனுப்புகிறது. வயிறு நிறைந்திருக்கும், உடம்போ பட்டினி என்றே நம்பும். அது ஏன் வலிப்பை அடக்குகிறது என்று டாக்டருக்கும் தெரியாது. எல்லோருக்கும் இந்த வைத்தியம் கேட்பதுமில்லை. கேட்கிறவருக்கோ ஒரு பிடி சர்க்கரை போதும், உடம்பு பழைய அடுப்புக்கே திரும்பிவிடும்.]

3

இதைத் தெருவுக்கே விளக்கி ஓய்ந்தாள் அவன் மனைவி நசீமுன்னிசா. பிரியாணியில் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் தின்பவனை ஆம்பூர் மன்னிக்குமா?

“உன் வூட்டுக்காரருக்குக் கொழுப்பு ஜாஸ்தி” என்றது தெரு.

“ஆமா, டாக்டரு எழுதிக் குடுத்தது.”

நாற்பது நாளும் அவன் விழவில்லை. நாளைக் காலை வேலை. அப்போது அவன் அக்கா அக்தரி பேகம் பொட்டலத்தோடு வந்து நின்றாள். (இவளைக் கதையில் சேர்க்க நான் நினைக்கவே இல்லை.) தம்பி நாற்பது நாள் விழாமலிருந்தால் பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுப்பதாக நேர்ந்திருந்தாளாம். முதல் பிடி தம்பிக்கு.

கவுஸ் பாஷா இரண்டு கையையும் ஏந்தினான். ஓதின சர்க்கரையை வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அந்த வாய்க்கு நாற்பது நாள் ஏக்கம் வேறு.

(முடிவு ஒன்று: தின்றான். காலையில் குழியோரம்... வேண்டாம்.

முடிவு இரண்டு: நசீமுன்னிசா தட்டிவிட்டாள், சர்க்கரை மண்ணில்... ஓதினதை மண்ணில் கொட்டுகிறவளா அவள்?)

அவள் பொட்டலத்தைப் பிடுங்கி மொத்தத்தையும் தன் வாயில் கொட்டிக்கொண்டாள்.

“இன்னா கொழுப்புடி உனக்கு!”

“கொழுப்பு அவருக்கு, ஆபா” என்றாள் வாய் நிறைய. “எனக்குச் சர்க்கரைதான்.”

அக்தரி பேகம் இடுப்பிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். “நீ இப்டி எதுனா பண்ணுவேன்னு தெரியும்டி.”

4

எனக்குப் பொறுமை போயிற்று. இவளிடம் மூன்றாவது பொட்டலமும் இருக்கும்.

காலையில் சங்கு ஊதினால் அவன் குழியோரம் நின்றாகவேண்டும். கைகள் இன்னும் ஏந்தியபடியே இருக்கின்றன. நசீமுன்னிசாவின் வாயில் இடமில்லை. பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். பொட்டலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சர்க்கரை ஆகாது என்று மட்டும் இப்போது சொல்லிவிடாதீர்கள்.