காருக்கு அடியில் மாப்பிள்ளை

எமர்ஜென்சி வந்த வருஷம். ரெண்டே சீட், கூரையில்லாத சிவப்பு ஃபாரின் கார். ஓட்டுகிறவன் நான். பக்கத்தில், முகம் மறைய மல்லிகைச் சரம் கட்டிய மாப்பிள்ளை ஷஃபியுல்லா. முன்னால் நடக்கிற பேண்டுக்காரர்களின் வேகத்துக்கு உருட்டி உருட்டி என் இடது கால் மரத்துப்போயிருந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் நான். நிக்காஹ்வில் வக்கீலாகப் போய் அவளிடம் சம்மதம் கேட்க வேண்டியவனும் நானே. போதாததற்கு டிரைவர் வேலையும் என் தலையில்.

கார் எங்களுடையதாம். பெண்ணின் அப்பா, என் அக்கா புருஷன் ஜெயினுலாபுதீன், சம்பந்தி வீட்டில் அப்படி அளந்துவிட்டிருந்தார். கல்யாணம் முடிந்ததும் பேங்க் ஆபீசர் மாப்பிள்ளைக்கே சாவியாம். உண்மையில் மகாபலிபுரம் ஓட்டல்காரர் ஒருவரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய வண்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டு மார்க்கெட் திருப்பத்தில் கிளட்ச் பெடல் பொதுக்கென்று உள்ளே போனது; மேலே வரவில்லை. கியர் கர்ரென்று கத்தி வண்டி நின்றது. ஊரே சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னது. பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டவரை அறையத் தோன்றியது.

மாப்பிள்ளை பூச்சரத்தைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டார். ஷெர்வானியைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் காருக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

“பெடல அமுக்கி அமுக்கி வுடுங்க மாமா.” அமுக்கினேன். “பிளேட்டு நல்லாத்தான் கீது. சிலிண்டர்ல ஆயிலு ஒழுவுது. போன மாசம் நான் போட்ட ரப்பர் கப்பு பிச்சுக்கினு கீது. மகாபலிபுரம் ஓட்டல்காரர்கிட்ட அப்பவே சொன்னேன், இது தாங்காதுன்னு...”

பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. பேங்க் ஆபீசர் எதற்கு ரப்பர் மாட்டினார் என்று நான் கேட்கவில்லை. உங்கள் கார் எப்படி ஓட்டல்காரருடையது ஆனது என்று அவரும் கேட்கவில்லை. பேண்டுக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள்.

“மதுராந்தகத்துல லாரி ஷெட்டுல மெக்கானிக்கு மாமா,” என்றார் மெதுவாக. “ஆபீசருன்னு எங்க அண்ணாத்த சொல்லிட்டாரு. நீங்கதானே வக்கீலு? சம்மதம் கேக்கறப்ப மெக்கானிக்குன்னு சொல்லிக் கேளுங்க.”

“மாட்டேன்னு சொல்லிட்டா?” என்று கேட்டேன்.

“இந்த வண்டிய ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்.”

காரைத் தள்ளிக்கொண்டே பெண் வீடு சேர்ந்தோம். திரைக்குப் பின்னால் மணப்பெண், அக்கா மகள் ரோஷன் பீவி. இந்தப் பக்கம் நான், மச்சான் ஜெயினுலாபுதீன், இரண்டு சாட்சிகள். மதுராந்தகம் லாரி மெக்கானிக் ஷஃபியுல்லாவுக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டேவிட்டேன். மச்சான் மூச்சுவிட மறந்து என்னைப் பார்த்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து ரோஷனின் குரல் வந்தது.

“காரு நம்மளுது இல்லன்னு அவருக்கு யாராவது சொன்னீங்களா மாமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா வந்து கீறாரு?” என்றாள். பிறகு, “எனக்குச் சம்மதம்.”