கொந்தியோ கப்பல் ஏற வேண்டுமா?

வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். பள்ளிச் சமையற்கூடத்தின் பெரிய அண்டாவை நான் கிளறிக்கொண்டிருந்தபோது என்னோடு அங்கே வேலை செய்யும் ரைலி வந்து, "படிச்சு முடிச்சிட்டியா?" என்றாள். போன வாரம் அவள் கொடுத்த அவளுடைய நாவலின் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் என் பையில்தான் இருந்தன. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அதை அவள் இன்னும் எழுதவில்லை.

ஒன்பது வருஷமாக எழுதுகிறாள். முதல் அத்தியாயத்தை மட்டும் பதினான்கு தடவை எழுதினாள். ஒரு தடவை பனியில் ஆரம்பித்தது, ஒரு தடவை சவ அடக்கத்தில். "பனி வேண்டாம், அதான் ஜன்னலுக்கு வெளியில ஆறு மாசம் கெடக்கே" என்று நான்தான் சொன்னேன். காலை நாலரைக்கு எழுந்து ஆறு மணி பஸ் வரும்வரை எழுதுவாள். புருஷன் படுத்த படுக்கையாக இருந்த வருஷம் ஒரு வரிகூட இல்லை. அப்புறம் மறுபடி உட்கார்ந்தாள். நானோ கம்பளிக் காலுறை பின்ன ஆரம்பித்தால் ஒற்றைக் காலோடு நிறுத்திவிடுகிற ஆள். அவளைப் பார்த்தால் பொறாமைகூட வராது, மலைப்புதான் வரும்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் கொந்தியோவின் கதை அது. வீட்டில் துணையும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். தென் துருவத்துக்குப் போகும் கப்பலில் இரண்டு வருஷ வேலை தேடி வருகிறது, சிறு வயதிலிருந்து ஏங்கிய வேலை. கப்பல் புறப்படும் காலை. கொந்தியோ ஏற வேண்டுமா, வேண்டாமா? அந்த இடத்தில்தான் ரைலி இரண்டு வருஷமாக நிற்கிறாள். பதிப்பகம் ஒன்று மே கடைசிக்குள் முழுசாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. இன்னும் பத்து நாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்றேன். "போகட்டும். ஆம்பளை, கூப்பிட்டு வேலை குடுக்கறாங்க. வீட்ல இருக்கறவ ரெண்டு வருஷம் பாத்துக்க மாட்டாளா?"

ரைலி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு ஆம்பளை?"

"கொந்தியோதான்."

"ஹில்க்கா, அது பொம்பளைடி!"

எங்கள் ஃபின்னிஷ் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அவளோ குடும்பப் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். முந்நூறு பக்கத்தையும் நானாகவே தாடி ஒட்டிப் படித்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ, அப்ப பிள்ளைங்கள விட்டுட்டா போவா?"

சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. ரைலி கோபப்படவில்லை.

"ஆம்பளைன்னு நெனச்சப்ப ஒரு நிமிஷம்கூட யோசிக்கலியே நீ" என்றாள். "ரெண்டு வருஷமா நானும் இதையேதான் அவகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். அவள ஏற விடாம புடிச்சு வெச்சிருந்தது நான்தான் போல."

"அப்ப பொம்பளைன்னு மொதப் பக்கத்துலயே சொல்லிடு."

"ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன். படிக்கறவங்க எல்லாரும் உன்ன மாதிரியே 'போகட்டும்'னு சொல்லட்டும். கப்பல் நகந்ததும் கரையிலேர்ந்து ரெண்டு பிள்ளைங்களும் அம்மான்னு கத்துவாங்கல்ல, அப்பத் தெரியட்டும்."

இத்தனை நாள் இவளோடு உருளைக்கிழங்கு உரித்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"திரும்பிப் பாப்பாளா?" என்று கேட்டேன்.

அவள் காதில் விழவில்லை. சுவரில் இருந்த அடுத்த வாரச் சாப்பாட்டுப் பட்டியலைப் பிய்த்துப் பின்பக்கம் திருப்பியிருந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்துவிட்டார்கள். அவள் கரண்டியையும் நானே எடுத்துக்கொண்டு ஒரு கையால் சூப்பும் மறு கையால் அப்பமுமாகப் பரிமாறினேன். மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ரைலி நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். முடி விழாமல் மாட்டியிருந்த தலைவலை சரிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. அதை ஒதுக்கிவிடக்கூட அவள் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.