மூன்றில் தொடங்கியவள்

ஆக்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இசைப் பிரிவில், முதலாண்டுச் செவிப்பயிற்சித் தேர்வில், லதாய் ஃபோனுவா தரையிலிருந்து முப்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் நின்று பாடியதால் தோல்வியடைந்தாள். அளந்தவர் தேர்வாளர் கரோல் ப்ரென்டிஸ். பியானோவின் மேல் எப்போதும் ஒரு மர அளவுகோல் வைத்திருப்பவர். முன்பின் பார்த்திராத மெட்டை ஐந்து கோட்டு இசைக்குறிப்பாக எழுதிக் கொடுப்பார்கள். தரையில் ஒட்டியிருக்கும் நீல நாடாவின் மேல் நின்று, ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் எண்ணைச் சொல்லிப் பாட வேண்டும். ஆதார சுரம் ஒன்று. அதற்கு மேல் இரண்டு, மூன்று என்று ஏழு வரை. லதாயோ டோங்காத் தீவுக்காரி. ஆக்லாந்தின் ஓட்டாஹூஹூ பகுதித் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவள். டோங்கர்கள் ஆதார சுரத்தை மூன்று என்பார்கள். அங்கிருந்து ஒன்பது வரை ஏறுவார்கள். முதல் சுரத்திலேயே மூன்று என்று பாடியவள் மூன்றின் உயரத்தில்தான் நின்றாள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இரண்டு படி வித்தியாசம். தேவாலயத்தில் அறுபது பேரும் மூன்றில் தொடங்கினார்கள், எல்லோரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள், அதனால் யாரும் இதைக் கவனித்ததில்லை.

"ஒண்ணும் ரெண்டும் எங்க போச்சு, லதாய்?" என்று கரோல் கேட்டார்.

"எங்க ஊர்ல அதை யாரும் தேடல, கரோல்."

சுரம் ஒன்றுகூடப் பிசகவில்லை என்று கரோல் குறிப்பில் எழுதினார். எண்கள் எல்லாம் தவறு, பாதம் நாடாவில் இல்லை என்றும் எழுதினார். பாதுகாப்பு அலுவலகம் அடுத்த வாரம் ஒரு கடிதம் அனுப்பியது: இம்மாணவி பாடும்போது கீழே மெத்தை போட வேண்டும். போட்டார்கள்.

அடுத்த ஆண்டு அவள் ஒன்றில் தொடங்கிப் பழகினாள். பேருந்திலும் துணி துவைக்கும் கடையிலும் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்தாள். தேர்வில் பாதம் நாடாவை விட்டு அசையவில்லை. ஆனால் அவள் காதில் ஒன்று என்பதற்கு எந்த ஒலியும் கிடையாது. மெட்டு நான்காவது சுரத்திலேயே வழி தெரியாமல் எங்கோ போய், கடைசியில் பக்கத்து அறையில் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தவனின் சுரத்தில் ஒதுங்கியது. இரண்டாம் தோல்வி. மூன்றாம் முறையும் தவறினால் இசைப் பிரிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். லதாய்க்கு வேறு எதையும் படிக்கும் எண்ணம் இல்லை.

மூன்றாம் தேர்வன்று காலையில் அத்தை விகா வந்தாள். அப்பாவின் அக்கா. அந்த வீட்டில் அவள் நாற்காலியில் இருந்தால் அப்பா தரையில்தான் உட்காருவார். கையில், டோங்கர்கள் சாவு வீட்டுக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் முரட்டுப் பாய்.

"இதைக் கட்டு. கனத்துக்குக் கீழயே நிப்ப."

"அத்தை, இது எழவுக்குக் கட்டுறதாச்சே."

"இன்னைக்கும் கோட்டை விட்டா நம்ம வீட்டுல எழவுதான். கட்டுடி." கட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "நாப்பது வருஷமா மூணுல ஆரம்பிச்சுப் பாடுறேன். போதகர்கூட என்னைக் கீழ எறங்குன்னு சொன்னதில்ல."

"அவரும் மேலதானே இருந்தாரு, அத்தை."

அத்தையும் கூடவே வந்தாள். தேர்வறையில் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று கரோல் சொல்ல ஆரம்பித்தார். அத்தை அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். லதாய் தாளைப் பார்த்தாள், மூன்று என்று தொடங்கினாள், உயர்ந்தாள். பாயும் கூடவே உயர்ந்தது. அதன் கிழிந்த ஓரம் மட்டும் நீல நாடாவில் உரசியது. கரோல் பாடலை நிறுத்தி அளவுகோலை எடுத்தார்.

"டீச்சர், பரீட்சை காதுக்கா, காலுக்கா?" என்றாள் அத்தை.

"காதுக்குத்தாம்மா."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிப்பயிற்சி நடத்திய கரோல் ஒரு தேர்வையும் கண்ணை மூடிக் கேட்டதில்லை. இப்போது மூடினார். லதாய் மறுபடி முதலிலிருந்து பாடினாள். மெட்டின் பன்னிரண்டு அடிகளிலும் பிசகில்லை. ஆனால் எண்கள் சரிதானா என்பது காதால் மட்டும் பிடிபடவில்லை. அதனால் மெட்டை இன்னொரு முறை பாடச் சொல்லி, சரிபார்ப்பதற்காகத் தானும் மெல்லிய குரலில் கூடப் பாடினார், மூன்றில் தொடங்கி. கடைசிச் சுரத்தை இழுத்துப் பிடித்தபடி கண்ணைத் திறந்தபோது லதாயின் முகம் நேர் எதிரே இருந்தது. பியானோ சற்றுக் கீழே இருந்தது. தன்னுடைய காலணிகளுக்கும் தரைக்கும் நடுவே வெயில் விழுவதைக் கரோல் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சுரம் அடங்குவதற்குள், மதிப்பெண் தாளை எடுத்து அங்கேயே எழுதினார். தொண்ணூற்று நான்கு. நாடாவில் நிற்காததற்கு ஆறு குறைத்திருந்தார்.

அதன்பிறகு லதாய் பட்டம் பெற்றாள், மேற்படிப்பு முடித்தாள், இப்போது அதே அறையில் பாடம் நடத்துகிறாள். மெத்தையை எடுத்துவிட்டார்கள். நீல நாடா அப்படியே இருக்கிறது. அதன்மேல் இரண்டு மரப்படிகள் செய்து வைத்திருக்கிறார்கள். மூன்றில் தொடங்குபவர்களோடு சேர்ந்து பாடும் நாட்களில், ஒன்றில் தொடங்குபவர்கள் அதில் ஏறி நின்றுகொள்கிறார்கள்.