விம்மலுக்கு முப்பது வயது

என் அம்மாவின் விம்மலுக்கு இந்த ஆண்டு முப்பது வயது நிறைகிறது. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். எனக்கு யாரும் விழா எடுக்கவில்லை.

வானொலிக்காரர்களுக்கு விசேஷம் இல்லாத நாளே கிடையாது. முதல் பாட்டுக்கு ஐம்பது, முதல் நேயர் விருப்பத்துக்கு அறுபது, யாரோ ஒரு வயலின்காரர் கண்ணை மூடியதற்குப் பத்து. நாள்காட்டியில் எந்தத் தாளைக் கிழித்தாலும் ஒரு பாடகர் பிறக்கிறார், இன்னொருவர் இறக்கிறார். இத்தனைக்கும் மேலே உட்கார்ந்திருப்பது வெல்லக்குரலின் நினைவு நாள். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது; வெல்லக்குரல் என்றால் தெரியாதவர் இல்லை. அவர் இறந்த அன்று நண்பகலில் நிலையம் ஒரு நிமிடம் மௌனம் காத்தது. அந்த மௌனத்துக்குள் ஓர் அறிவிப்பாளர் விம்மினார். கேட்டவர்களெல்லாம் சேர்ந்து அழுதார்கள். அந்தப் பதிவைத்தான் ஆண்டு தவறாமல், அதே நாளில், அதே நேரத்தில் ஒலிபரப்புகிறார்கள்.

அந்த அறிவிப்பாளர் என் அம்மா. அவள் வெல்லக்குரலுக்காக அழவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஐந்து வயது. மூளைக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் கிடந்தான். வெல்லக்குரல் போய்விட்ட சேதி வந்ததும், விடுப்பில் இருந்தவர்களையெல்லாம் நிலையம் கூப்பிட்டது. "காய்ச்சல் எறங்கியிருக்கு, நீ போயிட்டு வா" என்று அப்பாதான் அனுப்பி வைத்தாராம். நண்பகலுக்குச் சற்று முன்பு அவரே நிலையத்துக்குத் தொலைபேசினார். அண்ணன் போய்விட்டான். அதை அம்மாவின் காதில் சொன்ன கையோடு ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மௌனம்தானே, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போயிற்று என்று நினைப்பீர்கள். வானொலியில் அது நடக்காது. அங்கே ஒரு பெட்டி உண்டு. நிலையத்தில் அதை 'வாட்ச்மேன்' என்பார்கள். ஒலிபரப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையென்றால், ஏதோ கோளாறு என்று அது விழித்துக்கொள்ளும். தன் வயிற்றில் இருக்கும் ஒரு நாடாவை ஓட்டிவிடும். கேட்பவர் வேறு நிலையத்துக்குத் தாவிவிடாமல் இருக்க, துள்ளலான நாடா. மைக்கில் யாராவது ஒரு செருமல் செருமினால் போதும், உடனே அடங்கிவிடும்.

துக்க நேரத்தில் வாட்ச்மேன் கும்மாளம் போட்டால் நிலையத்தின் மானம் கப்பலேறிவிடுமே. "லேசா ஏதாவது சத்தம் குடுத்துக்கிட்டே இரும்மா, அது முழிச்சிடப் போகுது" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சினார்களாம். அம்மா தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள். நான் அப்போது அவள் வயிற்றில் இருந்தேன். ஆக, அந்த விம்மலை முதலில் கேட்டவள் நான்தான்.

அன்றோடு அவள் வேலையை விட்டுவிட்டாள். இதையெல்லாம் அப்பா, தான் போவதற்கு முன் என்னிடம் சொன்னார். அம்மா இன்றுவரை வாய் திறந்ததில்லை. வீட்டில் அண்ணனின் படம் ஒன்று உண்டு. குரல் இல்லை. அம்மா நடத்திய சிறுவர் நிகழ்ச்சிக்கு அவன் வந்து பாடுவானாம், பேசுவானாம். அந்த நாடாக்களின் மேல் செய்தியையும் சந்தை நிலவரத்தையும் பதிந்து பதிந்து அழித்துவிட்டார்கள். அவனுக்கென்று ஒரு நினைவு நாள்கூட இல்லை. இருந்த ஒரு நாளையும் வெல்லக்குரல் எடுத்துக்கொண்டார்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. போன வருஷம் அதே நாளில் ஒருவர் சட்டகம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கைபேசியில் விம்மல் ஓடியது. "என்ன பாசம் பாருங்க! பெத்த புள்ள செத்தாக்கூட இப்படி அழ மாட்டாங்க" என்றார். நான் அவருடைய காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே வளைத்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது என் அண்ணனுக்கான அழுகை என்று அந்த மைக்கில் ஒரு தடவை யாராவது சொல்ல வேண்டும். அம்மாவே சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் அவளோ அந்த நிலையத்தையே கட்டிக்கொண்டு அழுகிறாள். எங்கள் வீட்டில் காலையில் திருகும் வானொலி படுக்கும்வரை ஓயாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அம்மா அப்படியே நின்றுவிடுவாள். கரண்டி அந்தரத்தில் நிற்கும். குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அடுத்த பாட்டு வந்ததும் மூச்சை விட்டுவிட்டு வேலையைத் தொடர்வாள். சிறுவயதில் எனக்கு அதைப் பார்த்தாலே பயமாக இருக்கும். வீட்டுக்குள் யாரோ வருவதற்காக அவள் கதவைப் பார்ப்பதுபோல் இருக்கும். "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பாள்.

முப்பதாம் ஆண்டு என்பதால் இம்முறை தயாரிப்பாளர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மீசை முளைத்ததும் நேராக வேலைக்கு வந்தவர்போல் இருந்தார். "அம்மா, உங்க விம்மல் ஒரு சரித்திரம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். அப்புறம் நாங்க பதிவைப் போட்டுடுறோம்" என்றார்.

முடியாது என்று அவள் சொல்லப்போகிறாள், நான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விடப்போகிறேன் என்று எழுந்தேவிட்டேன்.

"பதிவு வேண்டாம். அந்த ஒரு நிமிஷம் நானே நேர்ல இருக்கேன்" என்றாள் அம்மா.

தயாரிப்பாளருக்குக் காலே தரையில் பாவவில்லை. நேரடி விம்மல் அல்லவா! எனக்கும் உள்ளுக்குள் என்னவோ துள்ளியது. இத்தனை வருஷம் கழித்துச் சொல்லப்போகிறாள். அவள் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை குளிர்சாதனத்தில் விறைத்துக் கிடந்தது. அங்கிருந்த மூத்த பொறியாளர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அம்மா அங்கே வேலை பார்த்த காலத்தில் புதிதாகச் சேர்ந்தவராம். இருவரும் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு அம்மா, "வாட்ச்மேன் இன்னும் இருக்கானா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே மூலையில் தூசி படிந்த ஒரு பெட்டியைக் காட்டினார். "இருக்கான். நாடாவைச் சிப்புல ஏத்தியாச்சு, அவ்வளவுதான்."

"அதே நாடாதானா?"

"அதேதான். அதை யாரு மாத்தப்போறா? கம்ப்யூட்டர் வந்ததுக்கப்புறம் பாட்டுக்கு மேல பாட்டு. அவனுக்கு முழிக்கவே வாய்ப்பில்ல."

அம்மாவின் கை என் கையைப் பிடித்தது. வலிக்கும்படி பிடித்தது. பிறகு வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கைக்கடிகாரத்தையும் கொடுத்தாள். உள்ளே போனதும் மேசையில் இருந்த தாள்களை எட்ட நகர்த்தி வைத்தாள். கிரீச்சிட்ட நாற்காலியை மாற்றித் தரச் சொன்னாள். பழைய அறிவிப்பாளரின் கைப்பழக்கம் என்று நினைத்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தயாரிப்பாளர் வெண்ணெயாக உருகிச் சொன்ன அறிமுகம் முடிந்தது. மைக் அம்மாவிடம் போனது.

அவள் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. விம்மவுமில்லை.

சொல்லும்மா, என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லு. அவன் இருந்தான்னு சொல்லு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவ்வளவு தூரம் வந்து இப்படி வாயடைத்துப்போக வேண்டுமா?

"அம்மா, ஏதாவது சத்தம் குடுங்க," என்று தயாரிப்பாளர் இன்டர்காமில் கிசுகிசுத்தார். "லேசா ஒரு மூச்சு. ப்ளீஸ்."

அம்மா அவரைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். மாட்டேன் என்று.

"போச்சு. பதிவைப் போட்டுடுறேன்" என்று தயாரிப்பாளர் பொத்தானுக்குப் போனார். எனக்கு ஏன் என்று தெரியாது. அந்த விம்மலை இன்னொரு தடவை கேட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மட்டும் தெரிந்தது. எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தாமல் அதன் மேல் என் உள்ளங்கையைக் குவித்து மூடினேன். "கையை எடுங்க மேடம்!" என்றார். எடுக்கவில்லை.

மூலையில் அந்தப் பெட்டி 'டக்' என்றது. பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

ஒலிபெருக்கியில் முதலில் ஒரு பெண் குரல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் இளம் குரல். "மைக்கைக் கடிக்காத. சொல்லு பாப்போம்."

பிறகு ஒரு பையன். கனத்த வார்த்தையைத் தூக்க முடியாமல் தூக்கினான்.

"தடங்கலுக்கு... வருந்துகிறோம்!"

"இன்னும் சத்தமா."

"தடங்கலுக்கு வருந்துகிறோம்! அம்மா, இப்ப பாடட்டா?"

மத்தளம் அதிர்ந்தது. அவன் பாட ஆரம்பித்தான். வார்த்தை மறந்த இடத்தில் லாலா போட்டான்.

பொறியாளர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "இவங்க பையன்" என்றார். "இவங்களே பேச வச்சுப் பதிஞ்சது. எனக்கு மறந்தே போச்சு."

நான் என் அண்ணனின் குரலை என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிடச் சின்னவன். அந்தரத்தில் நின்ற கரண்டி எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முப்பது வருஷமாக ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், அந்த நிலையம் ஒரு தடவையாவது செத்துப்போகாதா என்று அவள் காத்திருந்திருக்கிறாள். நாடாவைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் யாராவது எடுத்துப் பார்த்திருப்பார்கள். பழசு என்று மாற்றியிருப்பார்கள். எவரும் நினைக்காததால்தான் அவன் அங்கே பத்திரமாக இருந்தான். அவன் போன அன்றும் அங்கேதான் இருந்தான். அவள் வாயை மூடியிருந்தால் வந்திருப்பான். சத்தம் கொடு, சத்தம் கொடு என்று சொல்லி, பெற்றவளை வைத்தே அவனை உள்ளே அடைத்துவிட்டார்கள்.

"இதை எப்படிங்க நிறுத்துறது?" என்றார் தயாரிப்பாளர்.

"மைக்குல ஒரு சத்தம் வந்தா தானா நின்னுடும்," என்றார் பொறியாளர். அவர் எழுந்திருக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. புடவைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, ஒரு சின்ன விம்மல்கூட வெளியே வந்துவிடாமல் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பாடி முடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.